எட்டுப் போட்டால் போதுமா?

லைசென்ஸ் வாங்கிய பிள்ளையின் முதல் ஆறு மாதம்

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் மைதானத்தில் காலை பத்து மணிக்கு ஒரு சிறு கூட்டம் காத்திருக்கிறது. தரையில் 8 என்ற எண்ணின் வடிவத்தில் பாதை போட்டிருக்கிறார்கள். பதினெட்டு வயது நிரம்பிச் சில வாரங்களே ஆன வாலிபன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் ஏறி, கால் தரையில் படாமல், அந்தப் பாதையை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வருகிறான். இன்ஸ்பெக்டர் தலையை அசைக்கிறார். பரீட்சை முடிந்தது. பையன் தேறிவிட்டான். சில நாட்களில் லைசென்ஸ் கைக்கு வருகிறது. வீட்டில் பாயசம் வைக்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை அதே வாலிபன், பின்னால் இரண்டு நண்பர்களை ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே நான்கு வழிச் சாலையில் போகிறான். வேகம் மணிக்கு எண்பது கிலோமீட்டர். சற்றுத் தூரத்தில் ஒரு பேருந்து நின்று ஆட்களை இறக்குகிறது. அதன் முன்புறமாகச் சாலையைக் கடப்பதற்கு ஒரு கிழவி காலை எடுத்து வைக்கிறாள். எட்டுப் போட்ட மைதானத்தில் பேருந்தும் இல்லை, கிழவியும் இல்லை, பின்னால் அமர்ந்து "இன்னும் வேகமாகப் போடா" என்று தூண்டும் நண்பர்களும் இல்லை. அந்த ஒரு நிமிஷத்தில் என்ன செய்யவேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இந்தக் கேள்வியை நாம் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. வண்டியை விழாமல் ஓட்டத் தெரிவது வேறு. சாலையில் பிறரோடு சேர்ந்து பத்திரமாகப் போய் வரத் தெரிவது வேறு. முன்னதற்கு நாம் பரீட்சை வைத்திருக்கிறோம். பின்னதைப் பிள்ளைகள் தாமாகவே, தெருவில், தம் உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைத்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

கணக்கு காட்டும் உண்மை

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கைப் பார்ப்போம். அந்த ஓர் ஆண்டில் இந்தியாவில் நடந்த சாலை விபத்துகள் 4,61,312. அவற்றில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இறந்தவர்களில் 74,897 பேர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். நூற்றுக்கு 44 பேருக்கும் அதிகம். 18 வயது நிரம்பாத சிறுவர் சிறுமியர் மட்டும் 9,528 பேர். மாண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குள் இருந்தவர்கள். சம்பாதிக்கும் கைகளும், சம்பாதிக்கப் போகும் கைகளும் இவைதாம்.

நம் தமிழ்நாட்டின் நிலை என்ன? அதே 2022-இல் விபத்துகளின் எண்ணிக்கையில் இந்திய மாநிலங்களுள் முதல் இடம் நமக்கே: 64,105. உயிரிழப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இரண்டாம் இடம்: 17,884. சராசரியாக நாள் ஒன்றுக்கு 49 பேர். ஒரு பேருந்து நிறைய ஆட்கள் தினந்தோறும் வீடு திரும்பவில்லை என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஏறக்குறைய சரியாக இருக்கும். படிப்பிலும் தொழிலிலும் முன்னணியில் நிற்கும் மாநிலம் என்று பெருமை பேசும் நாம் இந்த முதலிடத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இந்த உயிர்களெல்லாம் புதிதாக லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகளால் போயின என்று யாரும் சொல்லவில்லை. லாரியும் உண்டு, குடியும் உண்டு, குண்டும் குழியுமான சாலையும் உண்டு. ஆனால் வண்டி ஓட்டுகிறவனின் வாழ்நாளில் எந்தக் காலம் மிகவும் அபாயமானது என்று கேட்டால், அதற்குப் பல நாட்டு ஆராய்ச்சிகளும் ஒரே பதிலைத்தான் சொல்லுகின்றன. தனியாக ஓட்டத் தொடங்கிய முதல் சில மாதங்களே அந்தக் காலம். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் புதிய ஓட்டுநர்களை மாதவாரியாகக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். முதல் மாதத்தில் விபத்து உச்சத்தில் இருந்தது. ஆறு ஏழு மாதங்களுக்குள் அது வேகமாகக் குறைந்தது. அமெரிக்காவில் 16 முதல் 19 வயது வரை உள்ளவர்கள், ஓட்டும் தூரத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், பெரியவர்களைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு உயிர்ச்சேத விபத்துகளுக்கு உள்ளாகிறார்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பழகுநர் லைசென்ஸுடன் பக்கத்தில் ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு ஓட்டும்போது இதே பிள்ளைகள் மிகக் குறைவாகவே விபத்தில் சிக்குகிறார்கள். பெரியவர் இறங்கிக்கொண்ட மறுநாளே அபாயம் ஏறிவிடுகிறது. அப்படியானால் குறை பிள்ளையின் கையில் மட்டும் இல்லை. பெரியவர் இறங்கிக்கொள்ளும் அவசரத்திலும் இருக்கிறது.

ஒரே இரவில் பெரியவனா?

2024-ஆம் ஆண்டு மே 19-ஆம் தேதி அதிகாலையில் புனே நகரில் நடந்த சம்பவம் நாட்டையே உலுக்கியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட விலையுயர்ந்த கார் ஒன்று மோட்டார் சைக்கிளில் மோதி, இளம் பொறியாளர்கள் இருவர் மாண்டனர். அன்றே ஜாமீன் கிடைத்தது. சாலை விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்பது ஜாமீன் நிபந்தனைகளில் ஒன்று! இதைக் கேட்டு நாடு கொதித்தெழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

சட்டத்தில் இடமில்லாமல் போகவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019-இல் கொண்டுவந்த திருத்தம் கடுமையானதே. வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கோ சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பல ஊர்களில் போலீஸார் இதன்படி பெற்றோர் மீது வழக்குப் போட்டும் வருகிறார்கள்.

நல்லது. ஆனால் சட்டத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 17 ஆண்டும் 364 நாளும் ஆன பையன் கியர் வண்டியைத் தொட்டால் தகப்பனார் சிறைக்குப் போகலாம். மறுநாள் பழகுநர் லைசென்ஸ். அதை வாங்கி 30 நாள் கழிந்தால் நிரந்தர லைசென்ஸுக்கான பரீட்சைக்குப் போகலாம். தேறிவிட்டால் அவனுக்கு எல்லாம் திறந்துவிடுகிறது. நள்ளிரவிலும் போகலாம், கொட்டும் மழையிலும் போகலாம், கடையில் உள்ளவற்றில் மிகப் பெரிய எஞ்சின் பூட்டிய மோட்டார் சைக்கிளையும் வாங்கி ஓட்டலாம். காராக இருந்தால் இருக்கை நிறைய நண்பர்களை அடைத்துக்கொண்டு போகலாம். முப்பது ஆண்டு அனுபவம் உள்ள டிரைவருக்கும் இவனுக்கும் சாலையில் வித்தியாசம் எதுவும் இல்லை. பூச்சியத்திலிருந்து நூறுக்கு ஒரே தாவல். இடையில் படியே இல்லை.

திமிர் மட்டும்தானா காரணம்?

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் திமிர் அதிகம்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். திமிர் பிடித்தவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அடக்கமான பிள்ளைகளும் விபத்தில் சிக்குகிறார்களே, ஏன்?

முதல் காரணம் கண். பார்வைக் குறைவு அன்று. எங்கே பார்ப்பது என்று அறியாமை. 1972-இல் அமெரிக்காவில் புதிய ஓட்டுநர்களின் கண் அசைவை ஆராய்ந்தபோது, அவர்கள் வண்டிக்கு மிக அருகிலேயே பார்த்துக்கொண்டு போவதையும், கண்ணாடியைக் குறைவாகப் பார்ப்பதையும் கண்டார்கள். பழகியவரின் கண் தூரத்தில் ஓடுகிறது. பக்கத்தையும் பின்புறத்தையும் அடிக்கடி துழாவுகிறது. நின்ற பேருந்தைக் கண்டதும் அனுபவசாலியின் மனத்தில் "முன்னாலிருந்து யாரோ வரப்போகிறார்" என்ற எண்ணம் தானாக எழுகிறது. தெருவில் பந்து உருண்டால் பின்னாலேயே ஒரு குழந்தை ஓடி வரும் என்று அவர் அறிவார். புதியவனுக்குப் பேருந்து பேருந்துதான், பந்து பந்துதான்.

இரண்டாவது காரணம் வேகத்தைப் பற்றிய தப்புக் கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் வண்டி நிற்க இரண்டு மடங்கு தூரம் போதும் என்று மனம் நினைக்கிறது. உண்மையில் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நான்கு மடங்கு ஆகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறவன் ஆபத்தைக் கண்டு, ஒரு விநாடியில் பிரேக்கை அழுத்தி, நல்ல காய்ந்த சாலையில் நிற்பதற்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேண்டும். 80 கிலோமீட்டரில் போகிறவனுக்கு 58 மீட்டர் வேண்டும். மழை ஈரத்திலும் மணல் படிந்த சாலையிலும் இன்னும் அதிகம். செல்போனை இரண்டு விநாடி குனிந்து பார்த்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் 33 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம்.

மூன்றாவது காரணம் கூட்டாளிகள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. 17 வயதுப் பிள்ளை தனியாகக் கார் ஓட்டும்போது இருக்கும் மரண அபாயத்தைவிட, மூன்றோ அதற்கு மேலோ ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டும்போது அது சுமார் மூன்று மடங்கு என்று கண்டார்கள். பெரியவர் வண்டியில் இருந்தால் பிள்ளை நிதானமாகப் போகிறான். நண்பர்கள் இருந்தால் அவர்கள் முன்னிலையில் தன்னைக் காட்டிக்கொள்ள நினைக்கிறான். ஆபத்தை எடைபோட்டுப் பார்க்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவயது வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது என்கிறார்கள் விஞ்ஞானிகள். பதினெட்டாவது பிறந்த நாளை அந்த மூளை அறிவதில்லை.

இங்கே ஒரு விநோதமான செய்தியையும் சொல்ல வேண்டும். நார்வே நாட்டில் புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்கும் பாதையில் வண்டியைச் சமாளிக்கச் சாமர்த்தியப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பயிற்சிக்குப் பிறகு இளைஞர்களிடையே விபத்து குறையவில்லை, கூடியது. "எதையும் சமாளிப்பேன்" என்ற தைரியம் வந்ததும் அவர்கள் வழுக்கும் பாதையில் வேகமாகப் போகத் தொடங்கினார்கள் என்பதே ஆராய்ந்தவர்கள் கண்ட முடிவு. ஆகவே, வித்தை கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது. வித்தை தேவைப்படாத நிலையில் ஓட்டுவதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

பிற நாடுகள் கட்டிய படிகள்

இந்த நோய்க்கு மருந்து கண்டவர்கள் இல்லாமல் இல்லை. 1987-இல் நியூஸிலாந்து ஒரு முறையைக் கொண்டுவந்தது. பழகுநர் லைசென்ஸுக்கும் முழு லைசென்ஸுக்கும் நடுவே ஒரு கட்டுப்பாட்டு லைசென்ஸ். அதை வைத்திருப்பவர், பக்கத்தில் அனுபவம் உள்ளவர் இல்லாமல், இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஓட்டக் கூடாது. நண்பர்களையும் ஏற்றக் கூடாது. சில காலம் இப்படி ஒழுங்காக ஓட்டிக் காட்டினால்தான் முழு உரிமை. பின்னர் கனடா, அமெரிக்க மாநிலங்கள், ஆஸ்திரேலியா என்று இந்தப் படிமுறை பரவியது. எங்கே இதைச் சரியாக நடத்தினார்களோ அங்கே இளம் ஓட்டுநர்களின் விபத்து குறைந்தது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 21 வயதுக்கு உட்பட்டவர்கள், பக்கத்தில் பெரியவர் அமர 120 மணி நேரம் ஓட்டிக் குறிப்பேட்டில் பதிந்து காட்டிய பிறகே கார் லைசென்ஸ் பரீட்சைக்குப் போக முடியும். தேறிய பிறகும் முதலில் சிவப்பு 'பி' பலகை, பின்பு பச்சை 'பி' பலகை. அந்தக் காலம் முழுவதும் ஒரு சொட்டு மதுவும் கூடாது. நம்மவர்கள் நிறைய வாழும் சிங்கப்பூரில் புதியவர் ஓராண்டு தகுதிகாண் பலகையோடு ஓட்ட வேண்டும். தவறுப் புள்ளிகள் சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும். பிரிட்டனில் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் ஆறு புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் ரத்து. மறுபடியும் ஆரம்பத்திலிருந்து பரீட்சை.

ஜப்பானியரின் வழக்கம் மிக அழகானது. புதிதாக லைசென்ஸ் பெற்றவர் ஓராண்டுக் காலம் தம் காரில் மஞ்சளும் பச்சையுமான இளந்தளிர் சின்னத்தை ஒட்டிக்கொள்ள வேண்டும். 1972 முதல் இது அமலில் இருக்கிறது. சின்னத்தைக் கண்டால் மற்றவர்கள் விலகி இடம் கொடுக்க வேண்டும். நெருக்கினாலோ குறுக்கே புகுந்தாலோ அவர்களுக்கு அபராதம். "இது தளிர், மிதித்துவிடாதீர்கள்" என்று ஊருக்கே சொல்லும் ஏற்பாடு. இங்கேயோ 'எல்' பலகையைக் கண்டால் பின்னால் வருகிற வண்டி ஹாரனை அழுத்துகிறது!

நம் நாட்டுக்கு ஒத்துவருமா?

"அதெல்லாம் கார் ஓட்டும் பணக்கார தேசங்கள், நமக்கு ஒத்துவராது" என்று ஒரு கட்சி சொல்லும். அந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. நம் பிள்ளைகள் முதலில் தொடுவது இரு சக்கர வண்டி. அதில் பக்கத்தில் உட்கார இடம் இல்லை. அன்றியும், இரவில் ஓட்டாதே என்றால் இரவு ஷிப்டுக்குப் போகும் பையன் என்ன செய்வான்? விடியற்காலையில் பால் ஊற்றப் போகிறவன், சாப்பாட்டுப் பொட்டலத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன் என்ன செய்வான்? அவனுக்கு வண்டி விளையாட்டுச் சாமான் அன்று, பிழைப்பு.

பெண் பிள்ளைகள் விஷயமும் இருக்கிறது. ஸ்கூட்டர் வந்த பிறகு எத்தனையோ சிற்றூர்ப் பெண்கள் யாருடைய தயவும் இல்லாமல் கல்லூரிக்கும் வேலைக்கும் போய் வருகிறார்கள். பாதுகாப்பு என்ற பெயரைச் சொல்லி அவர்கள் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு, தம்பியிடம் மட்டும் கொடுக்கிற வீடுகளும் உண்டு. அது பாதுகாப்பு ஆகாது. இரண்டு பேருக்கும் ஒரே விதி, ஒரே படி என்பதுதான் முறை.

ஆகவே, பிற நாட்டுச் சட்டத்தை அப்படியே எடுத்து ஒட்ட வேண்டியதில்லை. அதன் சாரத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சாரம் இதுதான்: அபாயம் குறைந்த இடத்தில் முதலில் பழகு, பழகிய பிறகு அடுத்த படிக்கு ஏறு. இதற்குச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டுவதில்லை. வீட்டிலேயே தொடங்கலாம்.

வீட்டில் கட்ட வேண்டிய படிகள்

முதல் படி வண்டியைத் தேர்ந்தெடுப்பது. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினால் 200 சி.சி. வண்டி வாங்கித் தருவதாக வாக்குக் கொடுக்கும் தகப்பனார்கள் ஒரு கணம் யோசிக்க வேண்டும். முதல் வண்டி எடை குறைந்ததாக, வேகம் மட்டுப்பட்டதாக இருக்கட்டும். பக்கக் கண்ணாடிகள் இரண்டும் இருக்கட்டும். அழகு கெடுகிறது என்று கழற்றிப் போடுவது முதுகுப்புறக் கண்ணைக் குத்திக்கொள்வது போன்றது. கூடவே ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட், தலைக்குப் பொருந்துகிற அளவில். 2022-இல் ஹெல்மெட் இல்லாமல் சென்று மாண்டவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் அமர்ந்திருந்தவர்கள். வாரை மாட்டாத ஹெல்மெட் மோதிய கணத்தில் தலையை விட்டுப் பறந்துவிடும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது படி, லைசென்ஸ் வந்த பிறகும் சில வாரங்கள் கூடவே போவது. கார் என்றால் பக்கத்து இருக்கையில் அமரலாம். மோட்டார் சைக்கிள் என்றால் தகப்பனாரோ, சித்தப்பாவோ, அக்காளோ ஹெல்மெட் அணிந்து பின்னால் அமரலாம். அல்லது தம் வண்டியில் பின்தொடரலாம். அந்த நேரத்தில் கத்தக் கூடாது. "அதோ, ஆட்டோ நிற்கிறது; என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்க வேண்டும். பிள்ளை வாய்விட்டுச் சொல்லட்டும்: ஆட்டோ சட்டென்று திரும்பலாம், ஆள் இறங்கலாம், அந்தப் பக்கம் நாய் ஓடி வரலாம். இப்படி நாலு வாரம் கேட்டு வந்தால் கண் தூரத்தைப் பார்க்கப் பழகிவிடும்.

பிரேக் பிடிப்பதைத் தனியாகப் பழக்க வேண்டும். முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி கவிழ்ந்துவிடும் என்று பயந்து பின் பிரேக்கை மட்டும் மிதிக்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், வண்டி நேராக இருக்கும்போது, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் படிப்படியாக அழுத்தி நிறுத்தப் பழகட்டும். முதல் நாள் 20 கிலோமீட்டர் வேகத்தில், பிறகு 30, பிறகு 40.

மூன்றாவது படி நேரமும் இடமும். முதல் மாதம் பகலில், தெரிந்த தெருக்களில். அடுத்து கடைத்தெரு நெரிசல். அதன் பிறகு மழையும் அந்தி நேரமும்; கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் சேர்ந்து வழுக்கும் என்பதைக் காட்டிக்கொடுக்க வேண்டும். நான்கு வழிச் சாலையும் இரவும் கடைசியில். அங்கே எதிர்த்திசையில் வரும் வண்டி, நடுத்திட்டு இடைவெளியில் திரும்பும் டிராக்டர், விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி எல்லாம் உண்டு. லாரியின் இடது பக்கத்தில் ஒட்டிப் போகிறவனை டிரைவரால் பார்க்க முடியாது என்பதை, நிறுத்தி வைத்த லாரியில் பிள்ளையை ஏற்றி உட்காரவைத்தே காட்டிவிடலாம். ஒரு முறை பார்த்தவன் ஆயுளுக்கும் மறக்க மாட்டான். இரவில் பிழைப்புக்குப் போயே ஆகவேண்டிய பிள்ளையோடு, முதல் சில இரவுகள் அந்த ஒரே வழியில் யாராவது கூடப் போய் வரட்டும்.

நான்காவது படி நண்பர்கள். ஆறு மாதம் வரை சக வயதுத் தோழர்களைப் பின்னால் ஏற்றுவதில்லை என்று வீட்டில் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். மூவர் சேர்ந்து போவது எப்போதுமே குற்றம், ரூ.1,000 அபராதமும், மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பும் உண்டு. "எங்க வீட்டில் விடமாட்டார்கள்" என்று நண்பர்களிடம் சொல்ல ஒரு சாக்கு கிடைப்பதும் பிள்ளைக்கு உதவிதான். பழியை அப்பா ஏற்றுக்கொள்ளட்டும்.

ஐந்தாவது செல்போன். இதில் பெற்றோரும் குற்றவாளிகளே. பிள்ளை புறப்பட்ட பத்தாம் நிமிஷம் "எங்கேப்பா இருக்கே?" என்று போன் செய்வது யார்? ஓட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை அம்மாவின் அழைப்பு என்று எடுக்கத்தானே பார்ப்பான்? போய்ச் சேர்ந்ததும் அவன் கூப்பிட வேண்டும். அதுவரை நாம் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். இன்னொரு வாக்கும் கொடுக்க வேண்டும். "எந்த நேரமானாலும் சரி, நீயோ உன் சிநேகிதனோ ஓட்டக்கூடாத நிலையில் இருந்தால் என்னைக் கூப்பிடு. நான் வந்து அழைத்துக்கொண்டு போகிறேன். அன்று இரவு ஒரு வார்த்தையும் கேட்கமாட்டேன்." திட்டுக்குப் பயந்து வண்டியில் ஏறிய பிள்ளைகள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. பிள்ளை வண்டி ஓட்டக் கற்பது பதினெட்டாம் வயதில் அன்று. மூன்று வயதில் அப்பாவின் முன்னால் பெட்ரோல் டாங்கின்மேல் உட்கார்ந்த நாளிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு, போலீஸாரைக் கண்டதும் தலையில் வைத்துக்கொள்ளும் அப்பாவை அவன் பதினைந்து ஆண்டு பார்த்திருக்கிறான். ஒரு வழிப் பாதையில் எதிர்த்துப் போய், "யாரும் வரவில்லை, போகலாம்" என்று சொன்ன மாமாவையும் பார்த்திருக்கிறான். இவர்கள் செய்யும் உபதேசம் அவன் காதில் ஏறுமா?

சர்க்கார் செய்ய வேண்டியது

வீட்டின் மீது மட்டும் பாரத்தைச் சுமத்திவிட்டு ஆட்சியாளர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பரீட்சை எட்டுப் பாதையோடு நில்லாமல், போக்குவரத்து உள்ள தெருவில் அபாயத்தை முன்கூட்டி உணரும் திறமையைச் சோதிப்பதாக இருக்க வேண்டும். பிரிட்டனில் 2002 முதல் திரையில் சாலைக் காட்சிகளை ஓடவிட்டு, அபாயம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுகிறார்கள். இங்கேயும் கம்ப்யூட்டரில் பழகுநர் பரீட்சை நடக்கிறது. அதில் நம் ஊர்ச் சாலைக் காட்சிகளைச் சேர்ப்பது பெரிய காரியம் அன்று. லைசென்ஸின் முதல் ஆண்டைத் தகுதிகாண் ஆண்டாக வைக்கலாம். அந்த ஆண்டில் மூவர் சவாரி, குடி, செல்போன் ஆகிய குற்றங்களுக்கு மறுபரீட்சை என்று விதிக்கலாம். ஒவ்வொரு விபத்திலும் ஓட்டியவர் லைசென்ஸ் பெற்று எத்தனை மாதம் ஆயிற்று என்பதையும் பதிந்து வெளியிட்டால் நம் ஊர் உண்மை நமக்கே தெரிய வரும்.

பேருந்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் கல்லூரி விடும் நேரத்தில் பேருந்து வராவிட்டால், வந்தாலும் படிக்கட்டில் தொங்க வேண்டியிருந்தால், கடன் வாங்கியாவது தகப்பனார் வண்டி வாங்கிக் கொடுத்துவிடுகிறார். நேரத்துக்கு வரும் ஒவ்வொரு பேருந்தும் சில பிள்ளைகளை அபாயத்திலிருந்து இறக்கிவிடுகிறது என்றே சொல்ல வேண்டும்.

சாவி கொடுக்கும் நாள்

நீந்தக் கற்றுக்கொடுக்கும் தகப்பன் பிள்ளையின் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்குவான். தானும் கூடவே இறங்குவான். சில நாள் கழித்துக் குடுக்கையை அவிழ்ப்பான்; அப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்பான். பிள்ளை நன்றாக நீந்துகிறான் என்று கண்ட பிறகே படியில் ஏறி உட்காருவான். இந்த முறையை நமக்கு எந்த நாட்டுச் சட்டமும் சொல்லிக்கொடுக்கவில்லை. கிணற்றுக்குக் காட்டிய அந்த நிதானத்தைச் சாலைக்கும் காட்டினால் போதும்.

லைசென்ஸ் வந்த அன்று பாயசம் வைப்பதில் தவறில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டான் என்ற சந்தோஷம் நியாயமானதே. ஆனால் சாவியைக் கையில் கொடுக்கும்போது, "நாளை காலை நானும் உன்னோடு வருகிறேன்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். ஆறு மாதம் அப்படிப் போய் வந்த பிள்ளை, நின்ற பேருந்தைக் கண்டதும் யாரும் சொல்லாமலே வேகத்தைக் குறைப்பான். அதன் மறைவிலிருந்து வரும் கிழவியும் அன்று மாலை பத்திரமாக வீடு போய்ச் சேருவாள்.